ஆறு மணிக் குரல்

அத்தியாயம் மூன்று

செத்துப்போனவன் மாலை ஆறு மணிக்குப் பேசுவான் என்று சொல்லியிருந்தார்கள். ஆறு மணி ஆகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

சுவர் அலமாரியில் ரொட்டி டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. முன்பக்கம் ஒலிபெருக்கியின் சல்லடைத் துளைகள். அதன் கீழே, கையால் தடவினாலே தட்டுப்படும்படி ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். அதையே பார்த்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் ஆந்தை. பெரிய வட்டக் கண்ணாடியும் இமைக்க மறந்த பார்வையும் அவளுக்கு வாங்கிக் கொடுத்த பட்டம் அது. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகு அதுவே விலாசமாகி விட்டது.

"மேடம், பேய் நேரம் தவறாம வருமா? நம்ம பஸ்ஸே வர்றதில்ல," என்றான் அவள் உதவியாளன். நாற்பதைத் தாண்டிய ஆள். பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவன் என்பதால் கமா என்று பெயர்.

"கொஞ்சம் சும்மா இரு."

"சும்மா இருந்தா பயமா இருக்கு. அதான் பேசறேன்."

எதிரே சாய்வு நாற்காலியில் அந்த வீட்டுக்காரம்மா இருந்தார். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்த ஆபரேட்டர். இப்போது கண்பார்வை மங்கல். ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. ஓய்வு பெற்ற அன்றே இனிமேல் தன் வீட்டில் மணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அதற்காகத்தான் இளைய மகன் இந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தான். யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. பெட்டி அவர்கள் பேசுவதைப் பதிந்துகொண்டு, முந்தைய மாலைக்குப் பிறகு வந்த செய்திகளை ஆறு மணிக்கு மொத்தமாகச் சொல்லும்.

எட்டு மாதத்துக்கு முன் வேலையிலிருந்து திரும்பும் வழியில், ஒரு லாரி அவனை அடித்துவிட்டுப் போனது. இப்போது சில மாலைகளில் பெட்டி அவன் குரலில் பேசுகிறது.

"எல்லாம் அவன் பொண்டாட்டி வேலை," என்று சொல்லித்தான் மூத்த மகன் நேற்று ஆந்தையின் அலுவலகத்துக்கு வந்திருந்தான். "அம்மாவைப் பைத்தியமாக்கிட்டு வீட்டை அமுக்கப் பாக்கறா. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள வீட்டை விட்டுப் போகணும்னு அவகிட்டச் சொல்லிட்டேன். ஆதாரம் கையில இருந்தா சொந்தக்காரங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

சுவர்க் கடிகாரம் அடித்தது. பெட்டிக்குள் டிங் என்று ஒரு ஒலி. கமா ஆந்தையின் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

'வணக்கம்மா, நாங்க துப்பறியும் ஆபீஸ்லேர்ந்து பேசறோம், சாயங்காலம் உங்களைப் பாக்க வரோம், வழி மட்டும் கொஞ்சம், சரி நாங்களே விசாரிச்சுக்கறோம், வேற ஒண்ணுமில்ல, ஆனா...'

அத்துடன் பெட்டி அடங்கிவிட்டது.

"மேடம், அது நான்!" என்றான் கமா. "என் குரல் இவ்வளவு கேவலமா இருக்கும்னு இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடச் சொல்லலையே!"

ஆந்தை அவனைக் கவனிக்கவில்லை. அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பயந்துகொண்டிருந்த ஒருத்திக்கு இப்போது நிம்மதி வந்திருக்க வேண்டும். அங்கே நிம்மதி இல்லை. ஊருக்குப் போகிற ரயிலைக் கண்ணெதிரே தவறவிட்டவர் முகம் அது.

"வர்றவங்க முன்னாடியே ஃபோன் பண்ணித்தான் வரணுமா?" என்றார் அந்தம்மா. "லைனைச் சும்மா விட்டிருக்கலாம்ல."

பிறகு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். வெளியே வந்ததும் பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

*

மறுநாள் காலை மூத்த மகனின் டைல்ஸ் கடை. வரிசையாய் நிறுத்தியிருந்த ஓடுகளை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"உள்ளே பொள்ளல் இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துடும். அந்தப் பொண்ணையும் இப்படித்தான் நான் கண்டுபிடிச்சேன்."

"தட்டிப் பாத்தா சார்?" என்றான் கமா.

அவன் முறைத்தான். "போன மாசம் சொல்லாம கொள்ளாம அம்மா வீட்டுக்குப் போனேன். ஆறு மணி. கதவு திறந்து கிடக்கு. கண்ணு தெரியாத மனுஷி, வீட்டைத் திறந்து போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. உள்ளே என் தம்பி பேசறான். 'பக்கத்து ரூம்லதான் இருக்கேன்'ங்கறான்." ஓட்டின் மேல் இருந்த கை அப்படியே நின்றது. "பக்கத்து ரூம் பூட்டியிருந்துது. அவன் கம்ப்யூட்டர் அதுக்குள்ளதான் இருக்கு. சாவி அவகிட்ட. வேற யாரால முடியும்?"

"உங்க தம்பி மட்டும்தான் பேசினாரா?" என்று கேட்டாள் ஆந்தை.

"நான் ரொம்ப நேரம் நிக்கல. நடுவுல..." அவன் தயங்கினான். "நடுவுல ஒருத்தன் மெத்தை வித்தான்."

"என்னது?"

"ரெண்டு மெத்தை வாங்கினா தலையணை இலவசம்னு. அப்புறம் மறுபடியும் தம்பி."

கமா நெஞ்சில் கை வைத்தான். "ஆவி உலகத்துலயும் விளம்பர இடைவேளை வந்தாச்சா!"

ஆந்தைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிழவியைப் பயமுறுத்த நினைக்கிறவள், செத்துப்போன மகனின் குரலைத் தேடித் தேடிப் பொறுக்குவாள். மெத்தைக்காரனை ஏன் விட்டு வைக்கிறாள்? இதில் யாரும் எதையும் பொறுக்கவில்லை. பதிவானதெல்லாம் முதலிலிருந்து அப்படியே ஓடுகிறது.

"நீங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசறதுண்டா?"

"தினமும்."

"நேத்து?"

"நேத்தும்தான். மத்தியானம்." பக்கத்தில் இருந்த ஓட்டை அவன் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினான்.

வெளியே வந்ததும் கமா அவள் காதருகே குனிந்தான். "நேத்து பெட்டியில என் ஒருத்தன் குரல்தானே வந்துது? இவர் பேசியிருந்தா இவரும் வந்திருக்கணுமே?"

"அதான் பொள்ளல்," என்றாள் ஆந்தை.

*

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இருந்தது சலவைக்கூடம். நீராவியில் கண்ணாடி மூடிப்போக, கொஞ்ச நேரம் ஆந்தை நிஜமாகவே குருட்டு ஆந்தையாக நின்றாள். இளைய மருமகள் கையில் ஒரு படுக்கை விரிப்பு. அவளோடு மடிக்க வேண்டியவள் சாப்பிடப் போயிருந்ததால், மறுமுனையைக் கமாவின் கையில் கொடுத்துவிட்டாள்.

"இழுத்துப் பிடிங்க. அப்புறம் என்கிட்ட வாங்க."

"எங்க வீட்டுலயும் இதேதான், ஆனா அங்க திட்டும் சேர்ந்து வரும்," என்று கமா விரிப்போடு அவளை நோக்கி நடந்தான்.

அவள் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து, விரலால் நீவி, அடுத்ததை எடுத்தாள். சோப்பில் ஊறி வெளுத்த விரல்கள்.

"எனக்கு மத்தியானம் டியூட்டி ஆரம்பிச்சா ராத்திரி ஒன்பது ஆயிடும். லீவு நாள்னா தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். ஆறு மணிக்கு நான் எங்க அங்க இருக்கேன்? எல்லாரும் அவர் குரலைக் கேட்டேன், கேட்டேன்ங்கறாங்க. எட்டு மாசமா நான் ஒரு தடவைகூடக் கேக்கலை." விரிப்பின் ஓரம் அவள் கையில் கோணலாயிற்று. பிரித்து மறுபடி மடித்தாள். "பெரியவர் என்ன வேணா சொல்லட்டும். அத்தை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ அப்படிப்பட்டவ இல்லன்னு. ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே குக்கர்ல சாப்பிடறோம். என்னைத் திருடின்னு சொல்லும்போது அவங்க வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்காங்க. அதுதான் தாங்கலை."

"போக இடம் இருக்கா?"

"தங்கச்சி வீட்டு ஹால்ல ஒரு ஓரம் இருக்கு."

கமா விரிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"உங்க வீட்டுக்காரர் பெட்டிக்குப் பேசுவாரா?" என்று கேட்டாள் ஆந்தை.

"தினமும். எனக்குக்கூட அப்படிப் பண்ண மாட்டார். 'அம்மா, நான் வர லேட் ஆகும். கதவைத் தாழ்ப்பாள் போடாதே.' ஒரே வசனம்தான். சீக்கிரம் வர்ற நாள்லயும் அதையேதான் சொல்வார். லீவு நாள்னா பக்கத்து ரூம்லேர்ந்து பேசுவார். ஏன் இந்தக் கூத்துன்னு கேட்டா, பெட்டி வேலை செய்யுதான்னு பாக்கறேன்பார். அதெல்லாம் இல்ல. அத்தைக்கு ஒரு நாள்கூடப் பெட்டி காலியா இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"இப்போ யார் யார் பேசறாங்க?"

"அவர் போனதும் ரெண்டு மூணு மாசம் பெட்டி நிறைய ஆளுங்க. துக்கம் விசாரிக்கறவங்க, அவர் ஆபீஸ்காரங்க. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. இப்போ அத்தையே எல்லார்கிட்டயும் சண்டை போட்டுட்டாங்க. அவங்களோட வேலை பாத்த ஒரு அம்மா இருந்தாங்க, வாரத்துல நாலு நாள் பேசுவாங்க. அவங்களும் நின்னுட்டாங்க."

ஆந்தை அந்தத் தோழியின் எண்ணை வாங்கிக்கொண்டாள். அறைச் சாவியையும் கேட்டாள். மருமகள் ஒரு கணம் யோசித்துவிட்டு, கழுத்துச் சங்கிலியில் கோர்த்திருந்த சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

"உள்ளே அவர் சட்டையெல்லாம் மாட்டினபடியே இருக்கு. எடுத்த வரிசைலயே திருப்பி மாட்டிடுங்க."

பேருந்தில் வரும்போது தோழியைக் கூப்பிட்டாள் ஆந்தை. மறுமுனையில் ஒரு பழைய, திருத்தமான குரல்.

"அவளே எனக்கு ஃபோன் பண்ணி, 'இனிமே என் லைன்ல வராதே'ன்னு சொன்னா. முப்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து போர்டுல உட்கார்ந்திருந்தோம். என்ன தப்புப் பண்ணினேன்னு கேட்டேன். 'ஒண்ணும் பண்ணலை, அதனாலதான் கெஞ்சிக் கேக்கறேன்'னா. எனக்கு ஒண்ணும் புரியலைம்மா."

ஆந்தை போனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தபடி வந்தாள். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் அவள் பிறர் எழுதும் கணினி நிரல்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். முதல் நாளே அவளுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி ஒன்று உண்டு. நூறு கொடுத்தால் என்ன வருகிறது என்பதை எழுதினவனே பார்த்திருப்பான். ஒன்றுமே கொடுக்காவிட்டால் என்ன வருகிறது? வேலையை விட்ட பிறகும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. மனிதர்களைப் பார்க்கும்போதும் அதையே கேட்டுக்கொள்வாள். ஒன்றுமே கிடைக்காத நாளில் இவர்கள் என்ன செய்வார்கள்?

"கமா, இன்னிக்கு அந்தம்மாவுக்கு ஃபோன் பண்ணாதே."

"நேத்து என் குரலைக் கேட்டதுக்கப்புறம் நான் யாருக்குமே பண்றதா இல்ல."

*

கதவைத் திறந்த அந்தம்மா முதலில் கேட்டது அதைத்தான்.

"இன்னிக்கு ஃபோன் எதுவும் பண்ணலையே?"

"இல்லம்மா."

முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர்கள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போடவில்லை.

டிங்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அதற்குள் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்கள்.

'அம்மா, கேக்குதா? நான்தான். பயப்படாதே, பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.'

பூட்டியிருந்த பக்கத்து அறைக் கதவைக் கமா பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்குதுடா," என்றார் அந்தம்மா, பெட்டியைப் பார்த்து. குரலில் பயமே இல்லை.

'அம்மா, நான் வர லேட் ஆகும். கதவைத் தாழ்ப்பாள் போடாதே.'

"போடலை."

'அம்மா, நான் வர லேட் ஆகும்...'

"வா, வா. மெதுவா வா."

செத்தவன் பேசுவதைவிட, அதற்கு இடம் விட்டு விட்டு இந்தக் கிழவி பதில் சொல்வதுதான் ஆந்தையை உலுக்கியது. எத்தனை மாலைகள் பழகியிருந்தால் இவ்வளவு சரியான இடைவெளியில் பதில் விழும்! அவள் சத்தமில்லாமல் எழுந்து பக்கத்து அறையைத் திறந்தாள். பின்னாலேயே கமா, நிழலைவிட நெருக்கமாக.

அறையில் ஒரு மேசை, விளக்கு, விழித்துக்கொண்டே இருக்கும் ஒரு கணினி. சுவரோரம் குறுக்குக் கம்பியில் இறந்தவனின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. ஆந்தை திரையின் முன் உட்கார்ந்தாள். பெட்டியை இயக்கும் நிரல் ஒரு பக்க நீளம்கூட வரவில்லை. பெயர்களையெல்லாம் தமிழிலேயே வைத்திருந்தான் பிள்ளை. வந்த செய்திகள் அத்தனையும், எதையும் அழிக்காமல், ஒரே பட்டியலாக இருந்தன. ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

செய்திகள்[-புதியவை:]

"இதான் பேயா மேடம்? பாத்தா பரம சாதுவா இருக்கு."

"பட்டியல்லேர்ந்து ஒரு துண்டு வெட்டி எடுக்கற வரி. இன்னிக்கு எத்தனை செய்தி புதுசா வந்துதோ, அதுதான் 'புதியவை'. முன்னாடி மைனஸ் போட்டா, பின்னாலேர்ந்து எண்ணி அந்த இடத்துல ஆரம்பின்னு அர்த்தம். அப்புறம் ஒரு முக்காற்புள்ளி. அங்கேர்ந்து கடைசிவரைக்கும் எடு."

"முக்காற்புள்ளி எனக்குப் பெரியப்பா முறை. நம்பலாம்."

"அந்தக் கம்பியில கடைசி மூணு சட்டையை எடு."

கமா பின்னாலிருந்து எண்ணி, மூன்றாவதில் கை வைத்து, அங்கிருந்து கோடிவரை மூன்றையும் எடுத்தான். திருப்பி மாட்டினான்.

"கடைசி ஒண்ணு."

எடுத்தான். மாட்டினான்.

"கடைசி பூஜ்யம்."

கமா வெறுங்கையோடு நின்றான். "எடுக்க ஒண்ணுமில்லையே. சும்மா நிப்பேன்."

"நீ மனுஷன், நிப்பே. அது நிக்காது. மைனஸ் பூஜ்யமும் அதுக்குப் பூஜ்யம்தான். இடத்தை அது பூஜ்யத்துலேர்ந்துதான் எண்ண ஆரம்பிக்கும். பூஜ்யம்னா முதல் இடம். முதல் சட்டையில கையை வெச்சு, அங்கேர்ந்து கடைசிவரைக்கும்..."

கமா மெல்லத் திரும்பி மொத்தச் சட்டைகளையும் பார்த்தான். ஜன்னல் காற்றில் அவை ஒன்றாக அசைந்தன.

"எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வந்துடும்," என்றான், குரல் இறங்கி.

"ஒருத்தரும் கூப்பிடாத நாள்ல மட்டும்."

கூடத்துப் பெட்டியில் கண் ஆஸ்பத்திரிப் பெண் ஒருத்தி எப்போதோ முடிந்துபோன ஒரு தேதியை நினைவூட்டினாள். பிறகு மெத்தைக்காரன். பிறகு மறுபடி இறந்தவன்.

"அப்போ அந்தாளு இது தெரியாமலா எழுதினாரு? அவ்வளவு கெட்டிக்காரர்ங்கறாங்க?"

"தெரிய வழியே இல்ல. தினமும் அவனே கூப்பிட்டான். லீவு நாள்லகூட. அவன் உயிரோட இருந்தவரைக்கும் இந்தப் பெட்டிக்குப் பூஜ்யம்னா என்னன்னே தெரியாது."

சொல்லிவிட்டு ஆந்தை அசையாமல் இருந்தாள். ஒரு மனிதன் இருந்த இடம் எப்படி இருக்கும் என்று அவள் பல வீடுகளில் தேடியிருக்கிறாள். இங்கே அது ஒரு வரியில், ஒரு மைனஸ் குறிக்குப் பின்னால் இருந்தது.

"அப்ப மருமகப் பொண்ணு மேல தப்பில்ல. வாங்க, போய்ச் சொல்லிடலாம்."

"இரு. இன்னொண்ணு இருக்கு. பட்டியல்ல தேதிகளைப் பாரு, ஆரம்பத்துல எப்பவோ ஒரு நாள் வந்தது, இப்போ வாரத்துல பாதி நாள் வருது. ஏன்?"



*

ஆந்தை அந்தம்மாவின் காலடியில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பெட்டி பேசிக்கொண்டே இருந்தது.

"அம்மா, ஊர்ல உள்ளவங்களோடெல்லாம் எதுக்குச் சண்டை போட்டீங்க? உங்க சிநேகிதி தவிக்கறாங்க. ஒண்ணும் தப்புப் பண்ணலைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க."

அந்தம்மாவின் கை நாற்காலியை விட்டு நகர்ந்து அலமாரியைத் தடவியது. சிவப்புப் பொத்தானை அழுத்தியது. ஒரு வாக்கியத்தின் நடுவில் மகன் நின்றுபோனான்.

"வெளியூருக்குப் போடற டிரங்க் கால் கேள்விப்பட்டிருக்கியா நீ?" என்றார். "பதிவு பண்ணிட்டு லைனைக் காலியா வெச்சிருக்கணும். நடுவுல பக்கத்து வீட்டுக்காரி உப்புப் புளின்னு பேச ஆரம்பிச்சா, தூரத்து ஆளுக்கு லைன் கிடைக்காது. எத்தனை பேருக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். முதல் தடவை அவன் வந்தப்போ எனக்கு உசிரே போயிடுச்சு. ரெண்டாவது தடவை யோசிச்சேன். மூணாவது தடவை தெரிஞ்சுபோச்சு. யாரும் பேசாத அன்னிக்குத்தான் வரான். லைன் காலியா இருந்தா வரான்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவ ஒருத்தி வாரம் நாலு நாள் பேசுவா. நாலு நாள் என் புள்ளைக்கு லைன் கிடைக்காது. நான் வேற என்ன பண்ணுவேன்?"

கமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பெரிய பிள்ளைக்கும் இதையேதான் சொன்னீங்களா?"

"சொன்னாங்க," என்றது வாசலில் ஒரு குரல்.

தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு மூத்த மகன் நின்றுகொண்டிருந்தான். ஆந்தைதான் அவனை வரச் சொல்லியிருந்தாள். எப்போது வந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை.

"'நீ இனிமே பேசாதேடா'ன்னாங்க. மூணு மாசம் ஆச்சு. பெத்த அம்மா என்னை வேணாம்னுட்டாங்கன்னு வெளியில சொல்ல முடியுமா? தினமும் பேசறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அந்தப் பொண்ணுதான் அம்மா மனசைக் கெடுத்துட்டான்னு நினைச்சேன். தம்பிக்காகத்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா நீ சும்மா இருப்பியா? ஆளைக் கூட்டிட்டு வந்து சரி பண்ணிடுவே. கூட்டிட்டுத்தானே வந்திருக்கே." அந்தம்மா ஆந்தை இருந்த திசையில் முகத்தை நீட்டினார். "அவன் அங்க இல்லைன்னு எனக்குத் தெரியும்மா. முப்பது வருஷம் இந்தக் காது வேலை பாத்திருக்கு. பதிவு பண்ணின குரலுக்கும் பேசற குரலுக்கும் வித்தியாசம் தெரியாதா எனக்கு?"

"அப்படின்னா உங்க மருமக மேல பழி விழுந்தப்போ ஏன் பேசாம இருந்தீங்க?"

"அவ போயிட்டாப் பரவாயில்லைன்னு நினைச்சியான்னுதானே கேக்கறே? நினைச்சேன். இவன் போயிடக் கூடாது. அது ஒண்ணுதான் தோணிச்சு." கைகளை மடியில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துக்கொண்டார். "என் கையால சோறு வாங்கித் தின்ன பொண்ணு அது."

கமா மெதுவாகச் சொன்னான். "மேடம், ஒரே ஒரு வரிதானே. புதுசா ஒண்ணும் இல்லைன்னா பேசாதேன்னு எழுதிட்டா முடிஞ்சுது."

அந்தம்மாவின் உடம்பு அப்படியே விறைத்தது. "எடுத்துடுவியா?"

"அந்தக் குரல் மேல எனக்கு உரிமை இல்லம்மா," என்றாள் ஆந்தை. "உங்களுக்கும் பாதிதான் உண்டு. மீதிக்கு உரியவங்க ராத்திரி ஒன்பது மணிக்கு வருவாங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. எடுக்கறதா வேணாமான்னு அவங்க சொல்லட்டும்."

சட்டைகள் எடுத்த வரிசையிலேயே இருக்கின்றனவா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அவள் அறையைப் பூட்டிச் சாவியைக் கூடத்து அலமாரியில் வைத்தாள்.

*

ஞாயிறு மாலை அந்தம்மாவே ஆந்தையைக் கூப்பிட்டார். வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

கூடத்தில் சுவரோரம் மருமகளின் சூட்கேஸும் ஒரு துணிப்பையும் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மூத்த மகன் மூலையில் நின்றான். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"அவகிட்டச் சொல்லிட்டேன்," என்றார் அந்தம்மா. "ஒண்ணுமே பேசலை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அவன் பேசினது எல்லாத்தையும் போட்டுக் கேட்டா. முதல்லேர்ந்து. விடிஞ்சப்போகூடக் கேட்டுக்கிட்டிருந்தா. அழற சத்தம்கூட வரலை. காலையில இதைக் கட்டி வெச்சா. இவன் வந்து மன்னிப்புக் கேட்டான். அதுக்கும் பதில் இல்லை. டியூட்டிக்குப் போயிட்டா." சூட்கேஸ் இருந்த திசையில் கையைக் காட்டினார். "தங்கச்சி வீட்டுக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாங்களோ என்னவோ."

"அந்த வரியைப் பத்தி?" என்றாள் ஆந்தை.

"கேட்டேன். அதுக்கும் பேசலை."

"நான் இன்னிக்கு வேணும்னேதான் ஃபோன் பண்ணலை," என்றான் மூத்தவன் தரையைப் பார்த்தபடி. "அவ முடிவு பண்ணட்டும்னு."

கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆறாகப் போகிறது. அந்தம்மா அலமாரியைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். முதல் தடவையாக, அந்தப் பெட்டியை நினைத்து அவர் பயப்படுவதை ஆந்தை கண்டாள். மகன் வந்தால் மருமகள் கூப்பிடவில்லை என்று அர்த்தம்.

டிங்.

இரைச்சல் வந்தது. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். இரைச்சலுக்குப் பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று சுழலும் ஓசை, தண்ணீர் வடியும் ஓசை, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம்.

'அத்தை.' குரல் நின்றது. மூச்சு கேட்டது. 'அத்தை, நான் வர லேட் ஆகும். கதவைத் தாழ்ப்பாள் போடாதீங்க.'

அவ்வளவுதான். பெட்டி அடங்கியது.

மூத்தவன் எழுந்திருக்கப் போன தாயைத் தாங்க ஓடினான். அவர் அவன் கையை விலக்கிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே தனியாக வாசல்வரை நடந்தார். தாழ்ப்பாளைத் தேடினார். முதல் முறை நழுவியது. இரண்டாம் முறை தூக்கி விட்டார்.